பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லுங்கள்: ஐ.சி.எஸ்.இ. ஆங்கில இலக்கியப் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். 'வெனிஸ் வணிகன்' போனால் 'ஜூலியஸ் சீசர்', 'டெம்பெஸ்ட்' போனால் 'மாக்பெத்' என்று பத்திலும் பன்னிரண்டிலும் ஷேக்ஸ்பியரை விடாமல் வைத்திருக்கிறீர்கள். இந்தக் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று பெற்றோர் முணுமுணுத்தாலும் நீங்கள் அசைந்து கொடுக்கவில்லை. ஆங்கிலம் நடத்துகிறவள் என்ற முறையில் எனக்கு அதில் சந்தோஷம்தான். என் வருத்தம் வேறு. நாடகத்தைப் பாடமாக வைத்தீர்கள், நடிப்பை வைக்கவில்லை. போர்ஷன் முடிக்கிற அவசரத்தில் ஒரு பிள்ளை வாசிக்க, மற்றவர்கள் வொர்க்புக்கை நிரப்புகிறார்கள். 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் ஷைலக் கத்தி தீட்டுகிற இடத்தில்கூட ஒருவரும் பெஞ்சைவிட்டு எழுவதில்லை. அந்த நேரத்தில் அந்தோனியோ எங்கே நிற்கிறான், யாரைப் பார்க்கிறான் என்று கேட்டால் முழிக்கிறார்கள். இந்த வரியைச் சொன்னது யார், யாரிடம் என்று கேட்டால் மட்டும் டாண் என்று பதில் வருகிறது.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலக்கியத் தாளில் எழுத்துத் தேர்வுக்கு 80, இன்டர்னலுக்கு 20. அந்த 20-இல் பாதியை, பாடத்தில் உள்ள நாடகத்திலிருந்து ஒரு காட்சியை மாணவர்கள் குழுவாக நடித்துக் காட்டுவதற்கு ஒதுக்குங்கள். வேஷம் வேண்டாம், திரைச்சீலை வேண்டாம். எழுந்து நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, வசனத்தை வாய்விட்டுச் சொன்னால் போதும்.

கல்வி ஆய்வு எதையும் இதற்கு ஆதாரமாக நீட்டப் போவதில்லை. ஒரு நடிகையின் வாழ்க்கையைச் சொல்கிறேன். அவர் பிரிட்டிஷ்காரர், ஆனால் படித்ததும் வளர்ந்ததும் இந்தியாவில். அவர் குடும்பத்துக்குச் சோறு போட்டதில் உங்களுடையதைப் போன்ற பள்ளிகளுக்கும் பங்கு உண்டு. ஆகவே இது உங்களுக்கு அந்நியமான கதை இல்லை.

ஃபெலிசிட்டி கென்டல் 1946 செப்டம்பரில் பர்மிங்காமுக்குப் பக்கத்தில் ஓல்டன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஜெஃப்ரி, அம்மா லாரா லிடெல், இருவருமே மேடை நடிகர்கள். ஜெஃப்ரியின் உண்மையான குடும்பப் பெயர் பிராக். பிறந்த ஊரான கென்டலின் பெயரையே மேடைக்காகச் சூட்டிக்கொண்டவர். ஃபெலிசிட்டி முதன்முதலில் மேடை ஏறியபோது அவருக்கு வயது ஒன்பது மாதம். 'நடுவேனில் இரவுக் கனவு' நாடகத்தில் தேவதைகளின் அரசனும் அரசியும் ஒரு சின்னப் பையனுக்காகச் சண்டை போட்டுக்கொள்வார்களே, அந்தப் பையனாக இந்தக் கைக்குழந்தையைத் தூக்கி வந்தார்கள். வசனம் கிடையாது. அழவும் இல்லை என்றால் அதுவே பெரிய நடிப்புதான்.

ஏழு வயதில் குடும்பத்தோடு இந்தியா வந்து சேர்ந்தார். ஜெஃப்ரிக்கு இந்தியா புதிதில்லை. உலகப் போர்க் காலத்தில் சிப்பாய்களுக்கு நாடகம் போட வந்தவர், நாடு விடுதலை பெற்ற சமயத்தில் 'ஷேக்ஸ்பியரானா' என்ற தன் கம்பெனியோடு திரும்பி வந்தார். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அவர்களுடைய கவிஞரைத் தூக்கிக்கொண்டு எதிர்த்திசையில் வந்த மனிதர்! இன்றைக்கு ராஜாவின் அரண்மனை, நாளைக்கு ஏதோ ஒரு சிற்றூர், அதற்கு மறுநாள் ஒரு பள்ளிக்கூட ஹால். ரயிலில் ஏறுவது, பெட்டிகளை இறக்குவது, வேஷம் கட்டுவது, ஆடி முடித்துத் திரும்பவும் பெட்டி கட்டுவது. கம்பெனி என்றால் பெரிய படை இல்லை. அப்பா, அம்மா, பெரியவள், சின்னவள், அவர்களோடு கூடச் சேர்ந்த இந்திய, ஆங்கில நடிகர்கள் சிலர். சிறுவர்களை வைத்து ஊர் ஊராக நாடகம் போட்ட நம் ஊர் பாய்ஸ் கம்பெனிகளைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இந்த வாழ்க்கையை விளக்கத் தேவையில்லை.

இடையிடையே பள்ளிப் படிப்பும் நடந்தது. கம்பெனி போகிற ஊருக்கெல்லாம் பிள்ளையும் போக வேண்டியிருந்ததால், பதினேழு வயதுக்குள் ஆறு லொரேட்டோ கான்வென்ட்டுகள் மாறினார் ஃபெலிசிட்டி. இதை நான் மெச்சிச் சொல்லவில்லை. எந்தக் குழந்தைக்கும் அது நல்லதில்லை. டைபாய்டு வந்து கல்கத்தாவில் அவர் படுத்ததும் அந்தப் பதினேழாவது வயதில்தான். நாடகப் பள்ளி எதிலும் அவர் படித்ததில்லை. வசனத்தை எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லில் மூச்சு வாங்குவது, சக நடிகர் பேசும்போது சும்மா நிற்பது எப்படி என்பதையெல்லாம் அவர் கற்றது இந்தியப் பார்வையாளர்கள் முன்னால். அவர்களில் பெரும்பகுதி பள்ளிப் பிள்ளைகள்.

அந்தப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். நைனிடாலில் செயின்ட் ஜோசப் கல்லூரி என்ற உறைவிடப் பள்ளிக்கு ஷேக்ஸ்பியரானா வந்து நாடகம் போட்டது. பார்த்துக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன் படிப்பில் சுத்த மோசம். ஒன்பதாம் வகுப்பில் தோற்றே போனான். அப்பா அவனை அஜ்மீரில் வேறு பள்ளியில் சேர்த்தார். அங்கே 'வெனிஸ் வணிகன்' காட்சி ஒன்றை நடிக்கும் வாய்ப்பு வந்தபோது, ஜெஃப்ரி கென்டல் ஷைலக்காக எப்படி நின்றார், எப்படிப் பேசினார் என்பதை அப்படியே நினைவிலிருந்து எடுத்துச் செய்தான். அவன் பெயர் நசீருதீன் ஷா. இதை அவரே எழுதியும் பேசியும் இருக்கிறார். தன்னை நடிகனாக்கியவர் கென்டல்தான் என்று இன்றுவரை சொல்லி வருகிறார். அந்தப் பையனுக்கும் ஷேக்ஸ்பியர் பாடத்தில் இருந்திருப்பார். ஆனால் தேர்வுத் தாளில் அவன் தேறவில்லை. மேடையில் ஒருமுறை பார்த்தான், ஒருமுறை தானே நின்று பேசினான், பிடித்துக்கொண்டது.

உத்பல் தத்தும் இதே கம்பெனியில் சேர்ந்து ஊர் ஊராகப் போனவர்தான். கல்கத்தாவில் செயின்ட் சேவியர் கல்லூரி மாணவராக இருந்தவரை ஜெஃப்ரி இழுத்துக்கொண்டார். பின்னாளில் வங்க நாடக மேடையைப் புரட்டிப்போட்ட இடதுசாரி அவர். தன் தொழிலின் அடிப்படையைக் கற்றது ஓர் ஆங்கிலேயரிடம். எந்தக் கொள்கைப் பெட்டிக்குள்ளும் அடங்காத உறவு அது.

1950-களின் கடைசியிலேயே கம்பெனிக்கு இறங்குமுகம். ஹாலெல்லாம் சினிமாவுக்குப் போனது, ராஜாக்களிடம் பணமில்லை, பிரிட்டிஷ் பாணிப் பள்ளிகளுக்கும் வேறு கவலைகள். இந்தத் தேய்வையே தயாரிப்பாளர் இஸ்மாயில் மெர்ச்சன்ட்டும் இயக்குநர் ஜேம்ஸ் ஐவரியும் 1965-இல் 'ஷேக்ஸ்பியர் வாலா' என்று படமாக்கினார்கள். அப்பாவும் அம்மாவும் ஏறக்குறைய தங்களையே நடித்தார்கள். கம்பெனி முதலாளியின் மகள் லிசியாக ஃபெலிசிட்டி. மகாராஜா வேஷத்தில் உத்பல் தத். இசை சத்யஜித் ராய். கலருக்குப் பணம் இல்லாமல் கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள் என்பார்கள். அந்தப் படத்துக்கு அதுதான் பொருத்தம்.

அதில் ஒரு காட்சி. மேடையில் ஒத்தெல்லோ நடந்துகொண்டிருக்கிறது. டெஸ்டிமோனாவின் கழுத்தை நெரிக்கிற இடம் நெருங்குகிறது. அந்த நேரம் பார்த்து ஹிந்தி சினிமா நட்சத்திரம் மஞ்சுளா தாமதமாக வந்து பால்கனி இருக்கையில் உட்காருகிறார். மதுர் ஜாஃப்ரி செய்த வேஷம் அது. பெர்லினில் சிறந்த நடிகை விருதும் வாங்கிக்கொடுத்தது. அவர் உட்கார்ந்ததும் கூட்டம் மொத்தமும் மேடைக்கு முதுகைக் காட்டிவிடுகிறது. ஆட்டோகிராப், போட்டோ. ஒத்தெல்லோ கொலையை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டிய நிலை. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிரிப்பும் வரும், வயிற்றைப் பிசையவும் செய்யும். மேடையை வென்றது சினிமா என்று விமரிசகர்கள் எழுதினார்கள். எனக்கென்னவோ, அந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவர் சின்ன வயதில் ஒத்தெல்லோவின் நாலு வரியைத் தானே நின்று பேசியிருந்தால் முதுகைக் காட்டியிருக்க மாட்டார் என்று தோன்றும்.

படம் முடிந்ததும் லிசியைப் போலவே ஃபெலிசிட்டியும் இங்கிலாந்துக்குப் போனார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. நாடகப் பள்ளிச் சான்றிதழ் இல்லை. இந்தியாவில் ஆடிய நாடகங்கள் லண்டனில் எந்தக் கணக்கிலும் சேரவில்லை. 1967-இல்தான் முதல் லண்டன் மேடை. 1974-இல் நாடகாசிரியர் ஆலன் ஏக்போர்னின் 'நார்மன் கான்க்வெஸ்ட்ஸ்' மூன்று நாடகங்களில் பெயர் கிடைத்தது. அடுத்த ஆண்டே பி.பி.சி.யின் 'தி குட் லைஃப்'. வேலையை உதறிவிட்டு வீட்டுத் தோட்டத்தில் காய்கறி போட்டு, பன்றியும் ஆடும் வளர்த்துப் பிழைக்கிற ஒரு தம்பதியின் கதை. 1978 வரை ஓடியது. பிரிட்டன் முழுக்க அவரைத் தெரிந்துகொண்டது அதில்தான். ரப்பர் பூட்ஸும் சேறுமாகத் திரிந்த அந்தப் பாத்திரத்தை விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமையில்லை. நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது.

டிவி புகழோடு உட்கார்ந்துவிட வேண்டிய ஒருவர் மேடைக்கே திரும்பினார். 1979-இல் நேஷனல் தியேட்டரில் 'அமேதியஸ்' அரங்கேறியபோது மொசார்ட்டின் மனைவி அவர். அப்புறம் நாடகாசிரியர் டாம் ஸ்டாப்பார்டின் நாடகங்கள் வரிசையாக: 'தி ரியல் திங்', 'ஹாப்குட்', 'ஆர்கேடியா', 'இந்தியன் இங்க்'. ஸ்டாப்பார்டின் வசனம் லேசுப்பட்டதல்ல. ஒரு வாக்கியத்தில் கணிதம், கவிதை, கிண்டல் மூன்றும் இருக்கும். நாக்கு ஒரு நொடி தடுமாறினாலும் மூன்றும் போச்சு. அந்த நாக்கை அவருக்குப் பழக்கியது ஷேக்ஸ்பியரானா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிறு பிராயத்திலிருந்து, அர்த்தம் முழுசாகப் புரிவதற்கு முன்பே, அந்த மொழியை உரக்கப் பேசி வளர்ந்தவர். (ஸ்டாப்பார்டும் போர்க்காலத்தில் அகதிச் சிறுவனாக டார்ஜிலிங்கில் படித்தவர். 'இந்தியன் இங்க்'கில் இந்தியா வரும் ஆங்கிலக் கவிஞை பாத்திரத்தை அவர் எழுத, ஃபெலிசிட்டி முதலில் வானொலியிலும் பிறகு 1995-இல் மேடையிலும் அதைச் செய்தது தற்செயல் இல்லை.)

என்னைக் கேட்டால், குடும்பத்தின் பெரிய நடிகை ஃபெலிசிட்டி இல்லை, பன்னிரண்டு வயது மூத்த அக்கா ஜெனிபர். கம்பெனியின் கதாநாயகி அவர்தான். 1956-இல் கல்கத்தாவில் தன் அப்பா பிருத்விராஜ் கபூரின் நாடகக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சசி கபூர், ஜெனிபரைப் பார்த்து மயங்கி, ஷேக்ஸ்பியரானாவிலேயே வந்து சேர்ந்து வேஷம் கட்டினார். இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணம். ஜெஃப்ரிக்கு அதில் கொஞ்சமும் இஷ்டமில்லை. மருமகன் வருகிறான் என்பதைவிடக் கதாநாயகி போகிறாள் என்ற கவலைதான் அவருக்கு. கேம்பிரிட்ஜ் தேர்வின் இடத்தை எடுத்துக்கொள்ள உங்கள் கவுன்சில் உருவான ஆண்டும் அந்த 1958 தான்.

ஜெனிபர் செய்த படங்கள் கொஞ்சம். அவற்றில் ஒன்றை மட்டும் உங்கள் குழுவினர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 1981-இல் அபர்ணா சென் இயக்கிய '36 சௌரங்கி லேன்'. கல்கத்தாவில் தனியாக வாழும் ஆங்கிலோ இந்திய ஆசிரியை வயலட் ஸ்டோன்ஹாம். வளர்க்கிற பூனைக்குப் பெயர் சர் டோபி, 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தின் குடிகாரர் பெயர். பல வருஷமாகப் பள்ளியில் ஷேக்ஸ்பியர் நடத்திக்கொண்டிருந்தவரிடமிருந்து அந்த வகுப்பைப் பிடுங்கிப் புதிதாக வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டு, இவரைச் சின்னப் பிள்ளைகளுக்கு இலக்கணம் நடத்தச் சொல்கிறார்கள். முதியோர் இல்லத்தில் கிடக்கிற அவருடைய அண்ணனாக வருபவர் ஜெஃப்ரி கென்டல். நிஜத்தில் அப்பாவும் மகளும். படத்தில் அண்ணனும் தங்கையும். உறுத்தவே உறுத்தாது.

கடைசியில் கிறிஸ்துமஸ் இரவு, தான் செய்த கேக்கோடு ஒரு பழைய மாணவியின் வீட்டு வாசலுக்குப் போகிறார் வயலட். ஊரில் இல்லை என்று தன்னிடம் சொன்னவர்கள் உள்ளே விருந்து கொண்டாடிக்கொண்டிருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பி நடக்கிறார். பின்னாலேயே ஒரு தெருநாய். அந்த நாயிடம் லியர் அரசனின் வரிகளைச் சொல்ல ஆரம்பிக்கிறார்: என்னைப் பரிகசிக்காதே, நான் ஒரு மதிகெட்ட கிழவன். குரலை உயர்த்துவதில்லை. கண்ணீர் விட்டுக் காட்டுவதில்லை. அந்த மனுஷி வாழ்நாளெல்லாம் கரும்பலகைக்கு முன்னால் நின்று விளக்கிய வரிகள், முதல்முறையாக அவருடைய சொந்த வரிகளாகின்றன. வகுப்பில் அது நடக்கவில்லை, பாருங்கள். நடுராத்திரியில், நடுத்தெருவில், ஒரு நாய்க்கு முன்னால்தான் நடக்க வேண்டியிருந்தது. ஓர் ஆசிரியையாக என்னால் அதைச் சாதாரணமாகக் கடக்க முடிவதில்லை.

அந்த நடிப்புக்காக பிரிட்டிஷ் அகாதமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட நால்வரில் ஜெனிபரும் ஒருவர். மற்ற மூவர் கேத்தரின் ஹெப்பர்ன், டயான் கீட்டன், சிஸ்ஸி ஸ்பேசெக். ஹெப்பர்னுக்குக் கிடைத்தது. இங்கே தேசிய விருது அந்த ஆண்டு 'உம்ராவ் ஜான்' ரேகாவுக்குப் போனது. அதைத் தப்பென்று சொல்ல எனக்கு மனசில்லை. 1984 செப்டம்பரில் புற்றுநோயால் லண்டனில் இறந்தபோது ஜெனிபருக்கு ஐம்பது வயதுதான். அதற்குள் இன்னொரு காரியம் செய்துவிட்டுப் போனார். மாமனார் பெயரில் மும்பை ஜுஹுவில் கணவரோடு சேர்ந்து 1978-இல் பிருத்வி தியேட்டரைத் திறந்தார். சுமார் 200 இருக்கை. மூன்று பக்கமும் பார்வையாளர் சூழ்ந்த மேடை. நடிகரின் மூச்சு முதல் வரிசைக்குக் கேட்கும். தாமதமாக வந்தால் யாராக இருந்தாலும் கதவு திறக்காது. படத்து மஞ்சுளாவுக்கும் அதே சட்டம்தான்! நைனிடாலில் கென்டலைப் பார்த்த அந்தப் பையன், வளர்ந்து தன் நண்பர்களோடு ஆரம்பித்த மோட்லி நாடகக் குழுவின் முதல் நாடகத்தை 1979-இல் போட்டது இந்த மேடையில்தான்.

இனி, நீங்கள் சொல்லக்கூடிய ஆட்சேபங்கள்.

கென்டல் வீட்டுப் பிள்ளைகள் நடிகர்களுக்குப் பிறந்தவர்கள், எங்கள் மாணவர்கள் அப்படியில்லையே என்பீர்கள். நசீருதீன் ஷாவின் அப்பா அரசு அதிகாரி. உத்பல் தத்தும் நாடகக் குடும்பத்துப் பிள்ளை இல்லை. தவிர, எல்லோரையும் நடிகராக்குங்கள் என்று நான் கேட்கவில்லை.

உச்சரிப்பு பிரச்சினை வரும், ஆங்கிலம் வீட்டில் பேசாத பிள்ளைகள் பின்தங்குவார்கள் என்பது அடுத்தது. என் வகுப்பிலும் அந்தப் பிள்ளைகள் உண்டு. எழுத்துத் தேர்வில் அவர்கள் ஏற்கெனவே பின்தங்கித்தான் இருக்கிறார்கள். எழுந்து நின்று பேசுகிறபோதாவது உடம்பும் குரலும் கைகொடுக்கும். லண்டன் உச்சரிப்புக்கு மதிப்பெண் கிடையாது என்று சுற்றறிக்கையிலேயே எழுதிவிடுங்கள். பம்மல் சம்பந்த முதலியார் 'ஹாம்லெட்'டை 'அமலாதித்யன்' ஆக்கிச் சென்னை மேடையில் ஏற்றியபோது யாரும் உச்சரிப்பைக் கேட்கவில்லை. ஃபெலிசிட்டியே 2012-இல் பி.பி.சி.க்காக இந்தியா வந்து ஓர் ஆவணப்படம் செய்தார். ஷேக்ஸ்பியரை இந்தியர்கள் எப்படித் தங்களுடையவராக ஆக்கிக்கொண்டார்கள் என்பதைத் தேடித்தான் வந்தார்.

மதிப்பெண்ணில் பாரபட்சம் வருமே என்றால், வரும். இப்போது இன்டர்னலுக்குக் கொடுக்கிற கோப்பை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டி, ஓரத்தில் பூ வரைந்து கொண்டுவருகிறார்களே, அதில் வராத பாரபட்சமா? வரி தப்பாமல் சொன்னாரா, எதிரில் நிற்பவர் பேசும்போது கவனித்தாரா, யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்து பேசினாரா என்று மூன்று அளவுகோல் வைத்தால் எந்த ஆசிரியரும் போட்டுவிடலாம். நேரம் இல்லை என்ற ஆட்சேபத்துக்கு மட்டும் என்னிடம் சமாதானம் இல்லை. நேரம் பிடிக்கும். போர்ஷனில் ஒன்றிரண்டு கவிதைகளைக் குறையுங்கள்.

பத்தாம் வகுப்பில் கைவைக்கத் தயக்கம் என்றால் ஒன்பதில் ஆரம்பியுங்கள். 'வெனிஸ் வணிகன்' பாடமாக இருக்கிற ஆண்டுகளில் அதன் முதல் இரண்டு அங்கங்கள் அங்கேதான் வரும். இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி: கண் தெரியாத கிழவர் கோபோ மகனைத் தேடி வருகிறார், மகன் லான்ஸ்லாட் தன்னை யாரென்று காட்டிக்கொள்ளாமல், உன் மகன் செத்துப்போய்விட்டான் என்று அப்பனிடமே கதை அளக்கிறான். இரண்டு பையன்கள், ஒரு கம்பு, பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளினால் கிடைக்கிற இடம். ஒரு பீரியட் போதும். வரும் கல்வியாண்டுக்கான சுற்றறிக்கையில் இந்த ஒரு காட்சியை மட்டுமாவது சேர்த்துப் பள்ளிகளுக்கு அனுப்புங்கள். முடிவை ஆண்டுக் கடைசியில் ஆசிரியர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
ஆங்கில இலக்கியம் நடத்தும் ஓர் ஆசிரியை
சென்னை